நிலக்கரிச் சுரங்கம் தனியார் கைக்குப் போனால் தொழிலாளியின் பாதுகாப்பு என்ன ஆகும்?

"சுரங்கத்தைத் தனியாரிடம் கொடுத்தால் சாவு கூடும் என்று தொழிற்சங்கத்தார் சொல்கிறார்கள். புது இயந்திரமும் புது நிர்வாகமும் வருவதால் விபத்து குறையும் என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. உண்மையில் எது நடக்கிறது?" என்பது கேள்வி.

இரண்டு தரப்பிடமும் சான்று இருக்கிறது, சிக்கலே அதுதான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுரங்கத்தின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதைவிட, "இங்கே ஆபத்து, வேலையை நிறுத்துங்கள்" என்று சொல்கிற தொழிலாளிக்கு அன்றைய கூலியும் மறுநாள் வேலையும் மிஞ்சுமா என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. தனியார்மயம் நடக்கும் விதத்தைப் பார்த்தால், பெரும்பாலும் அது கைவைப்பது அந்த இடத்தில்தான். அதனால் சங்கத்தாரின் பயம் நியாயமானது என்பேன். அரசுச் சுரங்கம் என்றாலே பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கீழே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இதைப் பேச முடியாது. நிலத்தடிச் சுரங்கத்தில் ஷிப்ட் ஆட்கள் இறங்குவதற்கு முன் பொறுப்பாளர் ஒருவர் கரி வெட்டும் முகம்வரை நடந்துபோய்ப் பார்த்துவர வேண்டும். இந்தியச் சுரங்கங்களில் அவருக்கு மைனிங் சர்தார் என்று பெயர். கையில் ஒரு கோல் வைத்திருப்பார். கூரையை அதால் தட்டிக்கொண்டே போவார். பாறை கெட்டியாக இருந்தால் கணீரென்று கேட்கும். மேலே அடுக்கு பிளந்து தொங்கிக்கொண்டிருந்தால் பொத்தென்று கேட்கும். அப்படிக் கேட்ட இடத்துக்கு ஆள் போகக்கூடாது. தளர்ந்த பாறையை நெம்பித் தள்ளி, முட்டுக் கொடுத்து, அல்லது கூரைக்குள் போல்ட் இறக்கி முடித்த பிறகுதான் வேலை. அதற்கு ஒரு மணி நேரமும் ஆகலாம், நாலு மணி நேரமும் ஆகலாம். அந்த நேரத்தில் அந்த முகத்திலிருந்து ஒரு டன் கரிகூட வெளியே வராது.

வாயு விஷயமும் இப்படித்தான். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் வெடிக்க ஒரு பொறி போதும். அந்த அளவுக்கு ஏறாமல் இருக்க விசிறி ஓயாமல் ஓட வேண்டும், தடுப்புச் சுவர் கட்டிக் காற்றை வேண்டிய பக்கம் திருப்ப வேண்டும், அளவு கூடினால் இயந்திரத்துக்குப் போகும் மின்சாரம் தானாக நிற்க வேண்டும். ஒருவேளை வெடித்தாலும், படிந்திருக்கும் கரித்தூசி தீப்பிடித்துச் சுரங்கம் முழுக்க ஓடிவிடாமல் இருக்கச் சுவரிலும் தரையிலும் கல்தூள் தூவி வைக்க வேண்டும். தூசி படியப் படியத் திரும்பவும் தூவ வேண்டும். எல்லாமே செலவுக் கணக்கு. ஒரு வாரம் செய்யாமல் விட்டாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு வாரமும் மேலாளருக்குத் தைரியம் கூடும். விபத்து விசாரணை அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு இந்தத் தைரியம் பழகிய முகம்.

சட்டத்துக்குப் பல் இல்லாத காலத்தில் தனியார் முதலாளிகள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்குச் சான்று ஏராளம். ஒன்று போதும். வேல்ஸில் சென்கெனித் சுரங்கம் 1901இல் வெடித்து 81 பேர் இறந்தார்கள். அதே சுரங்கம் 1913 அக்டோபர் 14 அன்று மறுபடி வெடித்தது. 439 தொழிலாளர்களும் மீட்கப் போன ஒருவரும் இறந்தார்கள். காற்றோட்டத்தின் திசையைத் திருப்பும் வசதி விசிறியில் இருக்க வேண்டும் என்று சட்டம் கெடு வைத்திருந்தது. கெடு தாண்டியும் அது வரவில்லை. வழக்கின் முடிவில் மேலாளருக்கு 24 பவுண்டு அபராதம், நிறுவனத்துக்கு 10 பவுண்டு. மேலாளரின் அபராதத்தை வகுத்துப் பார்த்தால் ஓர் உயிருக்கு ஒரு ஷில்லிங்கும் (பவுண்டில் இருபதில் ஒரு பங்கு) கொஞ்சம் சில்லறையும் வரும்.

இந்தியாவில் தேசியமயத்துக்கு முன் ஜரியா, ராணிகஞ்ச் வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான சிறு முதலாளிகள் கரி வெட்டினார்கள். எளிதாக எட்டுகிற கரியை மட்டும் அள்ளிக்கொண்டு, கூரையைத் தாங்க விட்ட தூண்களையும் வெட்டித் தின்றுவிட்டுப் போவது அங்கே சகஜம். 1965 மே 28 அன்று தோரி சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 268 பேர் இறந்தார்கள். அதுவும் அப்போது தனியார் சுரங்கம்தான். 1971இல் இரும்பு உருக்க உதவும் கோக் கரிச் சுரங்கங்களின் நிர்வாகத்தையும் 1973இல் மற்றவற்றையும் அரசு எடுத்துக்கொண்டபோது, முறையற்ற வெட்டும் தொழிலாளரின் நிலையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பிரிட்டனில் இது 1947 ஜனவரி 1 அன்றே நடந்துவிட்டது. அந்த ஆண்டு 600க்கு மேற்பட்டவர்கள் அங்கே சுரங்கங்களில் இறந்தார்கள். 1980களின் நடுவில் அது சில பத்துகளாகச் சுருங்கிவிட்டது. ஆட்கள் எண்ணிக்கையும் இடையில் குறைந்தது உண்மைதான். அதைக் கழித்துக் கணக்கிட்டாலும், ஒரு தொழிலாளிக்கு இருந்த ஆபத்து பல மடங்கு இறங்கியிருந்தது.

இத்தோடு நிறுத்தினால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் இன்றைய ஜார்க்கண்டில் உள்ள சாஸ்நாலா சுரங்கம் இருக்கிறது. 1975 டிசம்பர் 27 அன்று, பழைய வெட்டில் தேங்கியிருந்த நீர் தடுப்பை உடைத்துக்கொண்டு பாய்ந்ததில் 370க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். அந்தச் சுரங்கம் அப்போது அரசு நிர்வாகத்தில்தான் இருந்தது. துருக்கியின் கோஸ்லுவில் 1992இல் 263 பேர் இறந்தது அரசுச் சுரங்கத்தில். அதே அரசு நிறுவனத்தின் அமாஸ்ரா சுரங்கம் 2022 அக்டோபரில் வெடித்து 40க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே வாயு ஆபத்து கூடுகிறது என்று அரசின் தணிக்கை அமைப்பே மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்திருந்தது. சீனாவின் லாவோபாய்தோங் சுரங்கத்தில் 1960இல் 684 பேர் இறந்த செய்தி பல பத்தாண்டுகள் வெளியுலகத்துக்கே தெரியாது.

அரசு முதலாளியாக இருப்பதில் ஒரு தனி நோய் உண்டு. விதி போடுவதும் அரசு, மீறுவதும் அரசு, விசாரிப்பதும் அரசு. 1966இல் வேல்ஸின் அபர்ஃபான் கிராமத்தில், சுரங்கக் கழிவைக் கொட்டி வைத்திருந்த குன்று சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். தொழிலாளர் பாதுகாப்பு பற்றிய பதிலில் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அரசின் நிலக்கரி வாரியத்தின் மீதுதான் குற்றம் என்று விசாரணை ஆணையம் தெளிவாகச் சொன்னது. ஆனால் ஒருவர் மீதும் வழக்கு இல்லை, ஒருவருக்கும் வேலை போகவில்லை. மீதி இருந்த கழிவுக் குன்றுகளை அகற்றும் செலவுக்காக, மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பணம் திரும்பி வந்தது 1997இல்தான். எந்தத் தனியார் நிறுவனமும் இவ்வளவு துணிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

இன்னொரு பக்கம் அமெரிக்கா. அங்கே நிலக்கரித் தொழில் தனியாரிடமே இருந்துவந்திருக்கிறது. 1907இல் மட்டும் 3,242 பேர் நிலக்கரிச் சுரங்கங்களில் இறந்தார்கள். 1970இல் 260 பேர். 2020இல் 5 பேர். தொழில் சுருங்கியதும் இயந்திரம் வந்ததும் இதில் ஒரு பங்கு. மறுபங்கு சட்டத்தால் வந்தது. 1968இல் ஃபார்மிங்டன் சுரங்கத்தில் 78 பேர் இறந்த மறுவருடம் புதிய சட்டம் வந்தது, 1977இல் அது இன்னும் இறுகியது. ஒவ்வொரு நிலத்தடிச் சுரங்கத்தையும் வருடத்துக்கு நாலு முறையாவது முழுக்கச் சோதிக்க வேண்டும், வாரண்ட் இல்லாமல் உள்ளே போகலாம், உடனடி ஆபத்து தெரிந்தால் அங்கேயே ஆட்களை வெளியேற்றலாம் என்று ஆய்வாளருக்கு அதிகாரம் கிடைத்தது. ஆக, தனியார் கையில் இருந்தபடியே பாதுகாப்பை உயர்த்த முடியும். யாராவது வெளியே நின்று சட்டையைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் தனியார்மயத்தை ஏன் தனியாகப் பேச வேண்டும்? விற்பனையோ குத்தகையோ நடக்கும்போது பத்திரத்தோடு சேர்ந்து வேறு சில விஷயங்களும் கைமாறுகின்றன. சோமா அதற்கு நல்ல பாடம்.

துருக்கியின் மேற்கே சோமாவில் கரி அரசுக்குச் சொந்தம். வெட்டும் உரிமை மட்டும் தனியாரிடம். வெட்டியதை அரசே வாங்கிக்கொள்ளும், எவ்வளவு வெட்டினாலும் விற்காமல் போகாது. அரசு நடத்தியபோது டன்னுக்கு 130 டாலருக்கு மேல் ஆன செலவைத் தன் நிறுவனம் 24 டாலருக்கும் கீழே இறக்கிவிட்டது என்று அதன் தலைவர் 2012இல் ஒரு பேட்டியில் பெருமையாகச் சொன்னார். இந்த எண்ணைப் படித்ததும் சுரங்கம் தெரிந்த எவருக்கும் வயிற்றைக் கலக்கியிருக்க வேண்டும். வெட்டும் முறையில் புதுமை வந்தால் செலவு குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால் மீதி எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாமா? 2014 மே 13 அன்று அந்தச் சுரங்கத்தில் தீ மூண்டு 301 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது கார்பன் மோனாக்சைடு. இடுப்பில் இருந்த முகமூடிகள் பழையவை என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். அந்த வட்டாரச் சுரங்கங்களை விசாரிக்க வேண்டும் என்ற எதிர்க்கட்சித் தீர்மானத்தை நாடாளுமன்றம் நிராகரித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

சோமாவில் ஆட்களைச் சேர்த்த முறையும் கவனிக்கத்தக்கது. கிராமத்திலிருந்து ஆட்களைத் திரட்டிவருகிற கையாள் ஒருவர், அவருக்குத் துருக்கிய மொழியில் 'தாயிபாஷி' என்று பெயர். மாமன் தலைவர் என்று அர்த்தம் வரும். தன் கூட்டம் வெட்டுகிற கரிக்கு ஏற்ப அவருக்குக் கூடுதல் பணம். தமிழில் இதற்குக் கங்காணி என்ற சொல் ஏற்கனவே இருக்கிறது. கங்காணி மேலே நின்று விரட்டினால் கீழே யார் கோலை எடுத்துக் கூரையைத் தட்டிப் பார்க்கப் போகிறார்? சங்கம் இல்லாமல் இல்லை. அது நிர்வாகத்தின் சங்கம் என்று தொழிலாளர்களே கொதித்தார்கள், உள்ளூர் நிர்வாகிகள் பதவி விலக வேண்டியதாயிற்று.

அரசுக்கு நில உரிமை, தனியாருக்கு வெட்டும் வேலை, அவருக்கும் கீழே ஆள் பிடிக்கும் துணை ஒப்பந்தக்காரர். இந்த ஏணியில் ஒவ்வொரு படி கூடும்போதும் பாதுகாப்புக்கான காசு ஒரு படி கரையும். பொறுப்பும் அப்படியே. முறைப்படி "தனியார்மயம்" என்று பெயர் வைக்காமலேயே இது நடக்கும். ஜார்க்கண்டின் ராஜ்மகல் திறந்தவெளிச் சுரங்கம் பொதுத்துறையுடையது. 2016 டிசம்பர் 29 இரவு அங்கே கொட்டி வைத்திருந்த மேல்மண் குன்று சரிந்து 23 பேர் புதைந்தார்கள். அந்தப் பகுதியில் வேலை ஒப்பந்தக்காரரிடம் இருந்தது, இறந்தவர்கள் அவருடைய ஆட்கள். கோல் இந்தியாவின் நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கை ஒரு காலத்தில் ஏழு லட்சத்தை நெருங்கியிருந்தது. இன்று அது இரண்டேகால் லட்சம் அளவில் இருக்கிறது. உற்பத்தியோ 1975இல் இருந்ததுபோல் ஏறக்குறைய பத்து மடங்கு. இடைவெளியை இயந்திரமும் ஒப்பந்த ஆட்களும் சேர்ந்து நிரப்புகிறார்கள். தனியாரும் கரி வெட்டிச் சந்தையில் விற்கலாம் என்று 2020 ஜூனில் தொடங்கிய வணிகச் சுரங்க ஏலத்தைப் பற்றி இந்தியாவில் பலத்த விவாதம் நடந்தது. என் கணக்கில் அதற்கு வெகு முன்பே, பெயர்ப்பலகை மாறாமலே, பாதி தனியார்மயம் நடந்துமுடிந்துவிட்டது.

ஒப்பந்த ஆள் ஏன் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்? அனுபவக் குறைவு ஒரு காரணம். அதைவிடப் பெரியது பயம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கரி பெரும்பாலும் தனியாரிடம், பாதுகாப்புச் சட்டம் உலகத்தரம், தொழிலாளர் தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் பிரதிநிதிக்கு வேலையை நிறுத்தும் அதிகாரமும் உண்டு. 2020 மே மாதம் அங்கே குரோஸ்வெனர் சுரங்கத்தில் ஐந்து பேர் கடுமையாகத் தீக்காயப்பட்டார்கள். அதன் பின்னான விசாரணையிலும் இதே குரல்தான் வந்தது. ஆள் அனுப்பும் நிறுவனம் வழியாக வந்தவர்கள் குறை சொன்னால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்களோ என்று வாயைத் திறப்பதில்லை. வேலையிலிருந்து நீக்கவே வேண்டாம், கூப்பிடாமல் இருந்தால் போதும்.

கூலி கொடுக்கும் முறையையும் பார்க்க வேண்டும். ரஷ்யாவில் 1990களில் சுரங்கங்கள் தனியார் கைக்குப் போனபின் சம்பளத்தில் பெரும்பகுதி வெட்டிய அளவைப் பொறுத்ததாயிற்று. 2007இல் உல்யானோவ்ஸ்கயா சுரங்கத்தில் 100க்கு மேற்பட்டவர்கள் இறந்தபோது, வேலை நிற்காமல் ஓடுவதற்காக மீத்தேன் கருவிகளையே ஏமாற்றி வைத்திருந்தார்கள் என்று விசாரணை சொன்னது. கருவி அலறினால் இயந்திரம் நிற்கும், இயந்திரம் நின்றால் கூலி நிற்கும். தன் உயிரைக் காக்கும் கருவியின் வாயைத் தானே அடைக்கும்படி ஒருவனை வைத்திருப்பது அந்தச் சம்பளச் சீட்டுதான். 2010இல் ரஸ்பாத்ஸ்காயாவில் 91 பேர் இறந்த பிறகு, சம்பளத்தில் 70 சதவீதமாவது நிலையானதாக இருக்க வேண்டும் என்று அரசாங்கமே தலையிட வேண்டியதாயிற்று. டன் கணக்குக் கூலி அரசுச் சுரங்கத்திலும் இருந்திருக்கிறது, ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் புது முதலாளி முதலில் தொடுவது அநேகமாகச் சம்பள அமைப்பைத்தான்.

மூன்றாவது, வெளியே நின்று கண்காணிப்பவர். தனியார்மயம் தனியாக வருவதில்லை. "தொழிலைக் கட்டுப்பாடுகளிலிருந்து விடுவிப்போம்" என்ற அதே காற்றில்தான் வருகிறது. ஆகவே முதலாளி மாறும் அதே காலத்தில் ஆய்வாளரும் மெலிந்துபோகிறார். நியூசிலாந்தின் பைக் ரிவர் சுரங்கம் இதற்கு உதாரணம். அந்த நாட்டில் முன்பு சுரங்கத்துக்கென்று தனி ஆய்வுத்துறை இருந்தது, தொழிலாளர் தரப்பு ஆய்வாளர்களும் இருந்தார்கள். 1990களில் தனித்துறை தொழிலாளர் துறைக்குள் கரைந்தது. 1992 சட்டத்தோடு தொழிலாளர் தரப்பு ஆய்வாளர் முறை போயிற்று. முதலாளியே தன் ஆபத்தைக் கண்டறிந்து தானே சரிசெய்துகொள்வார் என்பது புதுத் தத்துவம். 2010இல் நாடு முழுவதற்கும் இரண்டே சுரங்க ஆய்வாளர்கள்.

பைக் ரிவர் நிறுவனம் மலைக்குள் சுரங்கம் குடைந்து, கால அட்டவணையில் பின்தங்கி, கையில் காசு தீர்ந்துவரும் நிலையில் இருந்தது. பிரதான விசிறியை வெளியே வைக்காமல் சுரங்கத்துக்குள்ளேயே வைத்தார்கள். வெடித்தால் முதலில் போவது அந்த விசிறிதான் என்று யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அவசர வழி என்று சொல்லப்பட்டது நூறு மீட்டருக்கு மேல் நெட்டுக்குத்தான காற்றுக் குழியில் ஓர் ஏணி. நீரைப் பீய்ச்சிக் கரி உடைக்கும் வேலையைச் சீக்கிரம் தொடங்கினால் ஆளுக்கு போனஸ் என்றும், தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் அது குறையும் என்றும் அறிவித்தார்கள். வெடிப்புக்கு முந்தைய 48 நாட்களில் மீத்தேன் வெடிக்கும் அளவை எட்டியதாக 21 பதிவுகள் இருந்தன. அதற்குக் கீழே, ஆனால் ஆபத்தான அளவில் இன்னும் 27. எழுதியவர்கள் ஒழுங்காகத்தான் எழுதி வைத்தார்கள். படித்துவிட்டு வேலையை நிறுத்த வேண்டியவர்கள் நிறுத்தவில்லை. 2010 நவம்பர் 19 பிற்பகல் வெடித்தது. இறந்த 29 பேரில் 13 பேர் ஒப்பந்தக்காரர்கள் வழியாக வந்தவர்கள்.

அதற்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். அடுத்த மாதமே நிறுவனம் கடன்காரர்களின் பொறுப்பாளர் கைக்குப் போய்விட்டது. 2013இல் நீதிமன்றம் 7,60,000 நியூசிலாந்து டாலர் அபராதமும் குடும்பங்களுக்கு 34 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடும் விதித்தபோது, கட்ட நிறுவனத்திடம் பணம் இல்லை. தலைமை நிர்வாகி மீதான குற்றச்சாட்டுகளை விலக்கிக்கொள்வதற்குப் பதிலாக அந்த இழப்பீட்டுத் தொகை கொடுக்கப்பட்டது. அந்தப் பேரம் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017இல். அபர்ஃபானில் அரசு தப்பித்தது, பைக் ரிவரில் நிறுவனம் காலியாகித் தப்பித்தது. எது மோசம் என்று தராசில் நிறுக்க எனக்கு மனமில்லை.

கடும் சட்டம் உள்ள அமெரிக்காவிலும் அதை ஏமாற்ற வழி கண்டவர்கள் உண்டு. 2010 ஏப்ரல் 5 அன்று அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்தில் 29 பேர் இறந்தார்கள். அங்கே சங்கம் கிடையாது. ஆபத்துகளை உள்ளபடி எழுத ஒரு நோட்டு, ஆய்வாளர் பார்வைக்கு இன்னொரு நோட்டு. ஆய்வாளர் வாசலுக்கு வந்ததும் கீழே தகவல் போய்விடும். நிறுவனத்தின் தலைமை நிர்வாகி டான் பிளாங்கன்ஷிப் 2005இல் தன் சுரங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார். கரி வெட்டுவதைத் தவிர வேறு எதை யார் செய்யச் சொன்னாலும் கண்டுகொள்ளாதீர்கள், கரியை வெட்டுங்கள் என்பது அதன் சாரம். "வேறு எது" என்பதற்கு அவர் கொடுத்த உதாரணங்களில் காற்றுப்பாதைக்கான கட்டுமானமும் இருந்தது. 2016இல் அவருக்குக் கிடைத்தது ஒரு வருடச் சிறை. அமெரிக்கச் சுரங்கங்களின் 1993 முதல் 2010 வரையான பதிவுகளை ஆராய்ந்த பேராசிரியர் ஆலிசன் மொரான்ட்ஸ், சங்கம் உள்ள சுரங்கங்களில் சாவும் கடுங்காயமும் கணிசமாகக் குறைவு என்று கண்டார். எல்லாம் தனியார் சுரங்கங்கள்தான். வித்தியாசம், நிறுத்தச் சொல்பவருக்கு முதுகுக்குப் பின்னால் ஆள் இருந்தார்களா என்பதில்.

சுரங்கத்தின் அளவு பற்றி ஒரு வார்த்தை. தனியார் என்றால் பெரிய நிறுவனமும் தனியார், நாலு பேரை வைத்துக் குழி தோண்டுபவரும் தனியார். சீனாவில் 2002இல் ஏறக்குறைய 7,000 பேர் கரிச் சுரங்கங்களில் இறந்தார்கள். உற்பத்தியில் சிறுபங்கே தந்த ஊர்ப்புறச் சிறு சுரங்கங்கள் சாவில் பெரும்பங்கு தந்தன. அவற்றை ஆயிரக்கணக்கில் மூடிப் பெரியவற்றோடு இணைத்த பிறகு எண்ணிக்கை சில நூறுகளுக்கு இறங்கியது. ஆள் ஊர்ந்து நுழையும் அளவே உள்ள மேகாலயாவின் எலிவளைச் சுரங்கங்கள் 2014லேயே தடை செய்யப்பட்டவை. 2018 டிசம்பரில் க்சான் என்ற இடத்தில் அப்படியொரு வளைக்குள் வெள்ளம் புகுந்து 15 பேர் சிக்கினார்கள். ஒரு கரிப்படுகையைத் துண்டுதுண்டாக்கிப் பலருக்குக் கொடுக்கும் தனியார்மயத்தை நான் எந்த நிலையிலும் ஆதரிக்க மாட்டேன்.

"புள்ளிவிவரம் பாருங்கள், தனியார் வந்தபின் விபத்து குறைந்திருக்கிறது" என்று யாராவது காட்டினால் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். தனியாருக்கு மாறும்போது ஆழமான, வாயு மிகுந்த பழைய நிலத்தடிச் சுரங்கங்கள் மூடப்பட்டு, திறந்தவெளிச் சுரங்கங்கள் பெருகும். திறந்தவெளியில் கூரை விழாது, மீத்தேன் வெடிக்காது. டம்பர் லாரி மோதுவதும் மண் சரிவதும்தான் அங்கே யமன். அதனால் டன்னுக்கு இத்தனை சாவு என்ற கணக்கு தானாகவே அழகாகிவிடும். அதற்கும் யார் முதலாளி என்பதற்கும் சம்பந்தமில்லை. டன் கணக்கைவிட, வேலை செய்த ஷிப்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கேளுங்கள். அந்த வகுக்கும் எண்ணில் ஒப்பந்த ஆட்கள் சேர்ந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். காயக் கணக்கு இன்னும் வளைந்துகொடுக்கும். கை முறிந்தவரை மறுநாள் வண்டி வைத்து அழைத்துவந்து அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால், "வேலைநாள் இழப்பு இல்லை" என்று எழுதிவிடலாம். சாவை மட்டும் மறைப்பது கடினம், அதனால் நான் சாவு எண்ணையே அதிகம் நம்புகிறேன்.

சாவு எண்ணிலும் வராதது நுரையீரல். கரித்தூசி படிந்து நுரையீரல் இறுகும் நோய் பத்து, இருபது வருடம் கழித்துத்தான் தெரியும். குயின்ஸ்லாந்தில் ஒழிந்துவிட்டது என்று நினைத்திருந்த அந்த நோய் 2015இல் மறுபடி தலைகாட்டியது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மூன்று மருத்துவமனைகளில் மட்டும் 2013 முதல் 2017 வரை முற்றிய நிலையில் 416 பேரைக் கண்டுபிடித்தார்கள். நோய் தெரியும் நேரத்தில் அவரை வேலைக்கு வைத்த நிறுவனம் இருக்குமா? அங்கே 2014–16இல் திவாலான மூன்று நிறுவனங்கள் இப்படி நோயாளிகளுக்குக் கொடுக்க வேண்டிய 86.5 கோடி டாலர் பொறுப்பைப் பொதுநிதியின் தலையில் இறக்கிவிட்டுப் போயின. இங்கே அரசு முதலாளிக்கு ஒரு சாதகம் உண்டென்று ஒப்புக்கொள்ள வேண்டும். அது அவ்வளவு சுலபமாகத் திவாலாகிக் காணாமல் போகாது.

நீங்கள் ஒரு குறிப்பிட்ட குத்தகையையோ விற்பனையையோ எடைபோட நினைத்தால், உரிமையாளர் பெயரைவிட ஒப்பந்தத்தின் உள்வரிகளைப் படியுங்கள். குத்தகை ஐந்து வருடமா முப்பது வருடமா? ஐந்து வருடக்காரர் வரப்போகிற அடுக்கின் வாயுவை முன்கூட்டியே வடிக்கக் குழாய் இறக்க மாட்டார். பணம் டன்னுக்கு மட்டுமா, முட்டும் போல்ட்டும் கல்தூளும் தனிக் கணக்கா? துணை ஒப்பந்தம் எத்தனை படிவரை போகலாம்? நோயாளிக்கும் மூடும் செலவுக்கும் முன்கூட்டியே வைப்பு நிதி கட்டச் சொல்லியிருக்கிறார்களா? தொழிலாளர் தரப்பு ஆய்வாளர் உண்டா, அவர் ஒப்பந்த ஆட்களுக்காகவும் பேசலாமா?

வாய்ப்புக் கிடைத்தால் சுரங்க மேலாளரிடம் இன்னொன்றும் கேளுங்கள். போன வருடம் உங்கள் ஆட்கள் ஆபத்து என்று சொல்லி எத்தனை முறை வேலையை நிறுத்தினார்கள், அந்த நேரத்துக்குக் கூலி கொடுத்தீர்களா? "ஒருமுறைகூட நிற்கவில்லை" என்று அவர் பெருமையாகச் சொன்னால் அந்தச் சுரங்கத்துக்குள் இறங்க நான் யோசிப்பேன். பூமிக்கடியில் ஒரு வருடம் முழுக்க, ஓர் இடத்தில்கூடக் கூரை பொத்தென்று கேட்கவில்லை என்றால் நம்பும்படி இல்லை.